நஷ்டம் நம்முடையது, கூலி அவனுடையது: உபாகமம் 24-ஐ வாசித்துக் கலங்கிய சகோதரிக்கு

கேள்வி: திருப்பூரில் நானும் என் கணவரும் 18 மெஷின் போட்டு ஒரு தையல் யூனிட் நடத்துகிறோம். கணக்கு வழக்கு என் பொறுப்பு. ஒடிசாவிலிருந்து வந்த ஒரு தம்பி ஃப்ளாட்லாக் மெஷினில் இருந்தான். அவன் தைத்த லாட்டில் ஊசி ஓட்டை விழுந்து, எக்ஸ்போர்ட் கம்பெனி எங்களுக்கு 18,400 ரூபாய் டெபிட் போட்டது, அதாவது எங்களுக்குத் தர வேண்டிய பணத்தில் கழித்துக்கொண்டது. திட்டினோம்; கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டான். யாரும் திடீரென்று நின்றுவிடக் கூடாது என்று எல்லோருக்கும் இரண்டு வாரச் சம்பளத்தைக் கையில் நிறுத்தி வைப்பது எங்கள் வழக்கம். அந்த 12 நாளும் கடைசி வாரத்தில் 5 நாளுமாக 17 நாள் சம்பளம், நாளுக்கு 650 வீதம் 11,050 ரூபாய், அவனுக்குக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்தபோது வாங்கி வைத்த அவனுடைய அசல் ஆதாரும் எங்களிடம்தான் இருக்கிறது. போன ஞாயிறு ஆராதனையில் உபாகமம் 24:14, 15 வாசித்தார்கள். அன்றிலிருந்து மனசு சரியில்லை. "நஷ்டம் நமக்குத்தானே, அதெல்லாம் பழைய ஏற்பாட்டுக் காலம்" என்கிறார் கணவர். அந்த வசனம் எங்களுக்குப் பொருந்துமா? பொருந்தினால் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

கிறிஸ்துவுக்குள் அன்பான சகோதரிக்கு,

பொருந்தும். 11,050 ரூபாயை முழுதாகக் கொடுத்துவிடுங்கள். ஆதாரை இந்த வாரமே அவன் கைக்குச் சேர வையுங்கள். 18,400 ரூபாய் நஷ்டத்துக்கும் இந்த இரண்டுக்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஏன் என்று வசனத்திலிருந்தே சொல்கிறேன். உங்கள் கணவரோடு உட்கார்ந்து வாசிக்கவும் அது உதவும்.

"ஏழையும் எளிமையுமான கூலிக்காரனை ஒடுக்காயாக" என்று தொடங்குகிறது அந்தப் பகுதி. அவன் உன் சகோதரரில் ஒருவனாக இருந்தாலும் சரி, உன் வாசல்களிலுள்ள அந்நியனாக இருந்தாலும் சரி, வேலை செய்த நாளிலேயே, பொழுது போகுமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும். கொடாவிட்டால் அவன் உன்னைக் குறித்துக் கர்த்தரை நோக்கி முறையிடுவான், அது உனக்குப் பாவமாயிருக்கும் என்று முடிகிறது. அந்நியன் என்று தனியே எடுத்துச் சொல்லியிருப்பதை விட்டுவிடாதீர்கள். பாஷை தெரியாமல், சிபாரிசுக்கு ஆளில்லாமல் பிழைக்க வந்தவனிடம் கடனாளியாக இருப்பதற்குத்தான் மனிதர் யாரும் பயப்படுவதில்லை. அவனுக்காகக் கேட்க ஒருவர் இருக்கிறார் என்று சொல்லத்தான் இந்த வசனம் எழுதப்பட்டது.

உங்கள் கணவரின் வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை. தனக்கு வர வேண்டியதை ஈடு கட்டப் பார்க்கிறார். ஆனால் அதே 24-ஆம் அதிகாரம் பேசுவது அப்படிப்பட்ட மனிதரிடம்தான். 10-ஆம் வசனத்திலிருந்து பாருங்கள். ஒருவன் கடன் கொடுத்திருக்கிறான். பணம் அவனுக்கு வர வேண்டியது உண்மை, கடனுக்கு அடகு கேட்கவும் அவனுக்கு உரிமை உண்டு. இருந்தும் கடன்பட்டவன் வீட்டுக்குள் அவன் நுழையக் கூடாது. வெளியே நிற்க வேண்டும். அடகைக் கடன்பட்டவன்தான் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். கடன்பட்டவன் ஏழையாயிருந்து, கொடுத்தது அவன் போர்த்துக்கொள்ளும் வஸ்திரமாக இருந்தால், பொழுது போகும்போது அதைத் திரும்பக் கொடுத்துவிட வேண்டும். 6-ஆம் வசனம் இன்னும் கடுமை. மாவரைக்கும் திரிகையின் மேற்கல்லையோ அடிக்கல்லையோ அடகு வாங்கவே கூடாது, அது ஜீவனை அடகு வாங்குவது போல. ஆக, உனக்கு வர வேண்டியது நியாயமா என்ற கேள்வியோடு நியாயப்பிரமாணம் நின்றுவிடவில்லை. அதை வாங்குவதற்காக எளியவனுடைய எதை நீ பிடித்து வைக்கலாம், எதைத் தொடவே கூடாது என்றும் கோடு போடுகிறது. நாள் கூலி தொடக் கூடாத பக்கத்தில் இருக்கிறது. அடுத்த இடத்தில் ரூம் எடுக்க, பேங்கில் காட்ட, புது வேலைக்குச் சேர அந்தத் தம்பிக்கு இன்று ஆதார் வேண்டும். திரிகைக்கல் என்று அந்த வசனம் சொல்வது அவன் விஷயத்தில் அதுதான். அசல் ஆதாரைப் பிடித்து வைக்கச் சட்டத்திலும் எந்த முதலாளிக்கும் உரிமை கிடையாது. பார்த்துச் சரிபார்த்து, நகல் எடுத்துக்கொண்டு அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட வேண்டியது அது.

இது ஏட்டில் மட்டும் இருந்த சட்டம் இல்லை. 1960-இல் இஸ்ரேலின் மத்தியதரைக் கடற்கரையில், யாவ்னே-யாமுக்குத் தெற்கே ஒரு சிறு கோட்டையின் இடிபாட்டில் பானை ஓடு ஒன்று கிடைத்தது. அதில் எபிரெய எழுத்தில், மையால், சுமார் பதினான்கு வரி. கி.மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. பெரும்பாலும் யூதாவை ஆண்ட யோசியா ராஜாவின் காலம். அறுவடைக் கூலிக்காரன் ஒருவன் அங்கிருந்த அதிகாரிக்குக் கொடுத்த மனு அது. 'உம் அடியான் அறுத்தேன், என் அளவை முடித்துக் களஞ்சியத்தில் சேர்த்தேன். அதன் பிறகும் சோபாயின் மகன் ஓசாயா வந்து என் வஸ்திரத்தை எடுத்துக்கொண்டான். வெயிலில் என்னோடு அறுத்தவர்கள் எல்லாரும் எனக்குச் சாட்சி சொல்வார்கள். என்மேல் குற்றமில்லை, என் வஸ்திரத்தைத் திருப்பித் தரச் சொல்லும்' என்பதுதான் சாரம். வேலையில் குறை என்று சொல்லித்தான் அந்த மேலாள் துணியைப் பிடுங்கியிருக்க வேண்டும் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கணிப்பு. ஓட்டின் கடைசிப் பகுதி சிதைந்திருக்கிறது. அதிகாரி என்ன தீர்ப்புச் சொன்னார் என்று தெரிய வழியில்லை. ஓசாயா தரப்பில் என்ன நியாயம் இருந்ததோ, அது எங்கும் எழுதப்படவில்லை. இருபத்தாறு நூற்றாண்டு கழித்தும் நாம் வாசிப்பது அந்தக் கூலிக்காரனின் முறையீட்டைத்தான்.

யோசியாவின் மகன் யோயாக்கீம் ராஜாவானதும் நிலைமை மாறியது. எரேமியா 22:13 அவனைப் பற்றித்தான்: அயலானை வேலை வாங்கி, கூலி கொடாமல், அநீதியினாலே தன் வீட்டைக் கட்டுகிறவனுக்கு ஐயோ. கேதுரு பலகை அடித்து, ஜாதிலிங்க வர்ணம் பூசிய மாளிகை அது. தொடர்ந்து 16-ஆம் வசனத்தில் கர்த்தர் அவனுடைய தகப்பனை நினைவுபடுத்துகிறார். சிறுமையும் எளிமையுமானவனுடைய நியாயத்தை யோசியா விசாரித்தான். "அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு" என்கிறார். வேதாகமம் முழுவதிலும் இதற்கு நிகராக என்னை நிற்கவைக்கும் வரி அதிகமில்லை. கர்த்தரை அறிந்திருக்கிறோம் என்பதற்கு அடையாளமாக ஜெபத்தையும் பலியையும் அவர் இங்கே சொல்லவில்லை. எளியவன் நியாயத்தை விசாரித்ததைச் சொல்கிறார்.

'பழைய ஏற்பாட்டுக் காலம்' என்பதற்கு நீண்ட பதில் தேவைப்படாது. மாற்கு 10:19-இல் ஐசுவரியவானுக்குக் கற்பனைகளை எடுத்துச் சொல்லும்போது, பத்துக் கற்பனைகளில் அந்த வார்த்தைகளில் இல்லாத "வஞ்சனை செய்யாதிருப்பாயாக" என்பதையும் இயேசு சேர்த்துச் சொல்கிறார். மத்தேயு 20-இல் திராட்சத்தோட்டத்து எஜமான் சாயங்காலத்தில் ஆட்களைக் கூப்பிட்டுக் கூலி கொடுக்கிறார். உபாகமம் சொன்ன நேரம் அது. யாக்கோபு 5:4 இந்த வசனத்தையே எடுத்துச் சபைக்கு எழுதுகிறது: பிடித்து வைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அது சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது.

வாரச் சம்பளம் கொடுப்பது இந்த வசனத்துக்கு விரோதமா என்று சிலர் கேட்பதுண்டு. இல்லை. கி.பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பட்ட யூதரின் சட்ட நூலான மிஷ்னா, லேவியராகமம் 19:13-ஐயும் இதையும் சேர்த்து வாசித்து, பகலில் வேலை செய்தவன் அன்றிரவுக்குள்ளும் இரவில் வேலை செய்தவன் மறுநாள் பகலுக்குள்ளும் கூலி பெற வேண்டும் என்றது. வாரத்துக்கோ மாதத்துக்கோ பேசிச் சேர்ந்தவனுக்கும் அந்தத் தவணை முடிந்ததும் அதே கெடு. அடகைப் பற்றி அது தரும் விளக்கமும் உங்களுக்கு உதவும்: தலையணையை வாங்கியிருந்தால் இரவில் திருப்பிக் கொடு, கலப்பையை வாங்கியிருந்தால் பகலில் திருப்பிக் கொடு. பேசின சனிக்கிழமை தாண்டியும் இரண்டு வாரத்தைக் கையில் வைத்திருப்பதுதான் உங்களிடம் பிழை.

இப்போது நஷ்டத்துக்கு வருவோம். நஷ்டத்தை வேலைக்காரன் தலையில் கட்டுவது வேதத்துக்குப் புதிய விஷயம் இல்லை. ஆதியாகமம் 31-இல் யாக்கோபு லாபானிடம் வெடிக்கிறானே, மிருகம் பீறிப்போட்ட ஆட்டுக்கும் நானே ஈடு கொடுத்தேன், பகலில் களவு போனதையும் இரவில் களவு போனதையும் என் கையில் கேட்டு வாங்கினீர், என் சம்பளத்தைப் பத்து முறை மாற்றினீர் என்று! பின்னால் வந்த யாத்திராகமம் 22:10-13 இதற்கு ஒழுங்கு கட்டுகிறது. ஒப்படைத்த மிருகம் காப்பவன் வசத்திலிருந்து களவுபோனால் ஈடு கொடுக்க வேண்டும். காட்டு மிருகம் பீறியிருந்தால் அதற்குச் சாட்சி கொண்டுவந்தால் போதும், ஈடு வேண்டியதில்லை. அசட்டையால் வந்த நஷ்டம் வேறு, தொழிலோடு கூடவே வரும் நஷ்டம் வேறு. எது எது என்று விசாரித்த பிறகுதான் பேச்சே.

நீங்கள் விசாரித்தீர்களா? உங்கள் கடிதத்தில் அது இல்லை. பின்னல் துணியில் ஊசி ஓட்டை விழப் பல காரணம் உண்டு. ஊசி முனை மழுங்கியிருக்கலாம். முனை உருண்ட பால்பாயிண்ட் ஊசி போட வேண்டிய இடத்தில் சாதாரண முனை ஊசியோ, துணியின் கனத்துக்குப் பெரிய நம்பர் ஊசியோ போட்டிருக்கலாம். துணி ட்ரையரில் அதிகமாகக் காய்ந்து, சாஃப்ட்னர் போதாமல் வந்திருந்தால், நூல் விலகிக் கொடுக்காமல் அறுந்துபோகும். அவசர ஆர்டர் என்று வேகத்தைக் கூட்டினால் ஊசி சூடேறியும் அறுக்கும். இதில் எதை அந்தத் தம்பி தீர்மானித்தான்? ஊசி வாங்கிக் கொடுத்தது யார்? அதே ரோலில் வேறு ஆட்கள் தைத்த பீஸிலும் ஓட்டை இருந்ததா? ஊசி ஓட்டை தைத்த கையோடு கண்ணில் படாமல் துணி இழுபடும்போது, அயர்னிங்கில் அல்லது சலவையில், தெரியவருவது சகஜம். அப்படியானால் பண்டிலுக்கு இரண்டு பீஸையாவது இழுத்துப் பார்க்கும் செக்கிங் இல்லாமல் லாட் முழுவதும் எப்படிப் போனது? துணி தந்ததே எக்ஸ்போர்ட் கம்பெனி என்றால், துணிப் பரிசோதனை அறிக்கை கேட்டு அந்த டெபிட்டையே மறுபரிசீலனை செய்யச் சொல்ல உங்களுக்கு இடமிருக்கிறது. கம்பெனியிடம் கேட்கத் தயங்கிய கேள்வியின் பாரத்தை ஒடிசாத் தம்பியின் கூலியில் இறக்கிவிட்டீர்களோ என்று உங்களை நீங்களே கேட்டுப் பாருங்கள். பலமுள்ளவனிடம் பட்ட அடியைப் பலமில்லாதவனிடம் இறக்குவதைத்தான் தீர்க்கதரிசிகள் ஒடுக்குதல் என்கிறார்கள்.

நாட்டுச் சட்டமும் இதே தடத்தில்தான் போகிறது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, வேலையை விட்டவருக்கு இரண்டு வேலை நாளுக்குள் பாக்கியைக் கொடுக்க வேண்டும். நஷ்டத்துக்காகப் பிடிக்க வேண்டுமானால், அவர் பொறுப்பில் ஒப்படைத்த பொருளாக இருந்து, அவருடைய அசட்டையே நேரடிக் காரணமாக இருந்து, விளக்கம் சொல்ல அவருக்கு வாய்ப்பும் கொடுத்திருக்க வேண்டும். எல்லாப் பிடித்தமும் சேர்ந்து சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. உங்கள் விஷயத்தில் விசாரணையே நடக்காமல் முழுச் சம்பளமும் நின்றிருக்கிறது.

இனிச் செய்ய வேண்டியது. கொடுக்க வேண்டிய தொகை 11,050-தானா என்று முதலில் சரிபாருங்கள். ஒன்றரை ஷிஃப்ட் பார்த்த நாட்களை ஒரு நாளாக எழுதியிருக்கிறீர்களா, வருகைப் பதிவில் பாருங்கள். பிறகு அவன் பாஷை பேசும், அவன் நம்பும் உடன் வேலைக்காரர் ஒருவரை வைத்துக்கொண்டு நீங்களே போன் செய்யுங்கள். ஏஜெண்டை விட்டுப் பேச வைக்காதீர்கள்; பணத்தையும் அவர் கையில் கொடுத்தனுப்பாதீர்கள். அவனுடைய சொந்தக் கணக்குக்கே அனுப்புங்கள், நாள் கணக்கு எழுதிய தாளைப் படமெடுத்துக் கூடவே அனுப்புங்கள். பாக்கி எதுவும் இல்லை என்று முன்கூட்டியே கையெழுத்துக் கேட்க வேண்டாம். போனில் பேசும்போது, "உன் சம்பளத்தை நாங்கள் நிறுத்தியது தப்பு" என்று சொன்ன கையோடு "ஆனாலும் நீயும்..." என்று ஆரம்பித்துவிடாதீர்கள். நஷ்டத்தைப் பற்றி அவனிடம் கேட்க இருந்தால் வேறொரு நாள், பணம் போய்ச் சேர்ந்த பிறகு, காரணம் தெரிந்துகொள்ள மட்டும் கேளுங்கள்.

அவன் போன் எடுக்காவிட்டால், ஆள் எங்கே என்று தெரியவில்லை என்று விட்டுவிட முடியாது. அவன் வீட்டு முகவரி அச்சடித்த அட்டை உங்கள் மேஜை இழுப்பறையில்தான் இருக்கிறது. முகவரியை உடன் வேலை செய்தவர்களிடம் உறுதி செய்துகொண்டு ஆதாரை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, ரசீதை வையுங்கள்.

எண்ணாகமம் 5:6, 7 இன்னொன்றும் சொல்கிறது: பாவத்தை அறிக்கையிட்டு, முதலோடு ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டி, யாருக்கு விரோதமாகக் குற்றம் செய்தோமோ அவருக்கே கொடுக்க வேண்டும். உங்கள் கணக்கில் அது 2,210 ரூபாய், மொத்தம் 13,260. கிறிஸ்தவருக்கு இது கட்டாய வரி இல்லை. ஆனால் சம்பளம் வராத வாரங்களில் அவன் எங்கே கடன் வாங்கினான், என்ன வட்டி கட்டினான் என்று யோசித்தால் இந்த அளவு சரியென்றே படுகிறது. ஆயக்காரனான சகேயு, அநியாயமாய் வாங்கியதற்கு நாலத்தனை கொடுக்க முன்வந்தவன். அந்த 2,210 ரூபாயை அன்பளிப்பு என்றோ உதவி என்றோ சொல்லாமல், தாமதத்துக்கானது என்றே சொல்லிக் கொடுங்கள். மனம் உறுத்துகிற பலர் இப்படிப்பட்ட பணத்தைக் காணிக்கைப் பெட்டியில் போட்டு ஆறுதல் தேடுவார்கள். எண்ணாகமம் 5:8-இன்படி, வாங்கிக்கொள்ள அவனோ அவன் இனத்தானோ இல்லாதபோது மட்டுமே அது கர்த்தருக்கென்று ஆசாரியனைச் சேரும். பெற்றுக்கொள்ள அவன் உயிரோடு இருக்கும்போது சபைக்கு அதில் பங்கில்லை.

மற்ற ஆட்களின் இரண்டு வாரச் சம்பளம்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. ஒருவனுக்குச் செய்தது கோபத்தில் நடந்தது. இதுவோ ஏற்பாடாகவே நடக்கிறது. முடிந்தால் ஒரே சனிக்கிழமையில் எல்லோருக்கும் கொடுத்து முடியுங்கள். கையில் பணமில்லை என்றால், குறைந்த சம்பளக்காரரிலிருந்து தொடங்கி, யாருக்கு எந்தச் சனிக்கிழமை என்று எழுதி ஒட்டி, நான்கு வாரத்துக்குள் முடியுங்கள். ஆட்கள் நின்றுவிடுவார்களே என்ற பயம் நியாயமானது. அதற்கு வழி, நிற்பதென்றால் ஒரு வாரம் முன்னால் சொல்ல வேண்டும் என்று இரு தரப்பும் பேசிக்கொள்வது, ஒவ்வொரு மெஷினுக்கும் மாற்றாக இன்னொருவரைப் பழக்கி வைப்பது, மாதம் முழுவதும் வந்தவருக்குச் சம்பளத்துக்கு மேலே ஒரு தொகை கொடுப்பது. ஊசி மாற்றிய நேரத்தையும் யார் கொடுத்தது என்பதையும் எழுத ஒரு நோட்டும் போடுங்கள். அடுத்த முறை டெபிட் வந்தால் கம்பெனியிடம் பேசவும் அது கை கொடுக்கும்.

கணவரிடம் இதை மறைத்துச் செய்யாதீர்கள். வீட்டுச் செலவில் மிச்சம் பிடித்து ரகசியமாக அனுப்பினால் பணம் போய்ச் சேரும், யூனிட்டின் வழக்கம் மாறாது. உபாகமம் 24-ஐ 6-ஆம் வசனத்திலிருந்து 15 வரை இருவரும் சத்தமாக வாசியுங்கள். வருகைப் பதிவையும் டெபிட் நோட்டையும் பக்கத்தில் வையுங்கள். "நீங்கள் அநியாயம் செய்தீர்கள்" என்று தொடங்க வேண்டாம். கணக்கு எழுதியது நீங்கள், ஆகையால் "நாம்" என்றே பேசுங்கள். அப்படியும் அவர் ஒத்துக்கொள்ளாவிட்டால், மத்தேயு 18:16 சொல்கிறபடி இருவரும் மதிக்கிற ஒரு மூப்பரை, முடிந்தால் தொழில் தெரிந்த ஒருவரை, வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள். ஆதாருக்கு மட்டும் அதுவரை காத்திருக்க வேண்டாம். அது உங்கள் சொத்தும் இல்லை, அவர் சொத்தும் இல்லை. கணவரிடம் சொல்லிவிட்டு, நாளைக் காலையிலேயே அனுப்பிவிடுங்கள்.